அடைகாத்த சேவல்

கம்பேரா சந்தையில் உருளைக்கிழங்கு வறுவல் தின்ன ஆசைப்படுகிறவன் யாராக இருந்தாலும், அவன் பெண்டாட்டி குறைமாதப் பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால், பவுலேனியின் கடைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. காசை நீட்டினாலும் வாங்கமாட்டான். கொதிக்கிற எண்ணெயில் கரண்டியை விட்டபடி, தலையை நிமிர்த்தாமலே கேட்பான்: "சட்டையக் கழட்டினியா?" இல்லை என்றால் வறுவல் கிடையாது. "போ. போயிக் கழட்டிட்டு வா. என் கிழங்கு எங்கயும் ஓடிறாது."

புதிதாக வருகிறவர்கள் ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைக்கிறார்கள். பழைய ஆட்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. ஒரு காலத்தில் பவுலேனி வாயிலிருந்து எது விழுந்தாலும் பல்லைக் காட்டியவர்கள் இதே ஆட்கள்தான்.

பவுலேனி இந்த ஊர்க்காரன் இல்லை. பெண்டாட்டி எனெலேசியின் ஊருக்கு வந்து சேர்ந்த வீட்டோடு மாப்பிள்ளை. மலாவியில் எங்கள் மலைப்பக்கத்தில் எல்லா மாப்பிள்ளையும் வீட்டோடு மாப்பிள்ளைதான், அதில் ஒரு குறைச்சலும் இல்லை. வீடு பெண்ணுடையது, நிலம் அவள் தாய்வழியுடையது, பிறக்கிற பிள்ளைகளும் அவர்களுடையவை. பிள்ளைக்குப் பேர் வைப்பதும் புத்தி சொல்வதும் பிரம்பை எடுப்பதும் தாய்மாமன் வேலை. மாப்பிள்ளை என்பவன் பக்கத்து ஊரிலிருந்து இரவல் வாங்கிய சேவல். இதை அவன் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். அவனும் தலையை ஆட்டிவிட்டு மக்காச்சோளக் களியை உருட்டி வாயில் போட்டுக்கொள்வான்.

இரவல் சேவலாக இருந்தாலும் பவுலேனிக்கு வாய் இருந்தது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவன் இவனைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சந்தையில் அவனைப் போலவே இன்னும் சிலர் தகரத்தை வளைத்து, நடுவில் குழி தட்டி, எண்ணெய் ஊற்றிக் கிழங்கு வறுத்தார்கள். அதே கிழங்கு, அதே உப்பு, மேலே தூவுகிற அதே முட்டைக்கோஸ். ஆனால் கூட்டம் இவனிடம்தான். ஏனென்றால் இவன் கிழங்கை உரித்துக்கொண்டே ஆளையும் உரிப்பான். ஊர்த்தலைவரின் தொப்பியில் எலி குட்டி போட்டிருப்பதாகச் சொல்வான். பாதிரியாரின் ஜெபம் நீளுவதும் சந்தா வசூல் நீளுவதும் ஒரே அளவு என்பான். உரிக்கப்படுகிறவன் பக்கத்திலேயே நின்று தின்றுகொண்டிருந்தாலும் மற்றவர்கள் சிரிப்பார்கள். தன் முறை வராதவரைக்கும் எல்லாருக்கும் அது நல்ல தமாஷ்.

சபனியா விஷயத்திலும் அப்படித்தான் நடந்தது. சபனியா சைக்கிளில் பின்சீட்டு வைத்து ஆட்களை ஏற்றிப் போகிறவன், அதிகம் பேசாத ஆள். அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி கண்டு, ஒரு பிள்ளை பிறந்து, அன்றைக்கே இறந்துபோனது.

எங்கள் ஊரில் பிள்ளை பிறந்தவுடனே ஆளாகிவிடாது. தொப்புள் கொடி விழ வேண்டும், பிறகு ஒரு நாள் வீட்டுக்குள்ளிருந்து வெளியே எடுத்து ஊருக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது மனிதக் கணக்கில் வரும். அதற்கு முன்னால் போய்விட்டால் அது தண்ணீர். பெண்கள் மட்டும் ஒரு துணியில் சுற்றி ஓடைக்கரை ஈரமண்ணுக்குக் கொண்டு போவார்கள். பறை கிடையாது, துக்கச் சோறு கிடையாது. தாய் வாய்விட்டு அழக்கூடாது, அழுதால் கர்ப்பப்பை மூடிக்கொள்ளுமாம். ஆண்களுக்கு அங்கே வேலையே இல்லை. அவர்கள் வழக்கம்போல் சந்தையில் நின்று வறுவல் தின்பார்கள்.

அன்றைக்குச் சபனியா சந்தை ஓரத்தில், ஒற்றையடிப் பாதை ஓடைக்கு இறங்குகிற இடத்தில், சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். பெண்கள் போன திசையைப் பார்த்து அவன் தோள் குலுங்கியது. பவுலேனி கரண்டியால் தகரத்தைத் தட்டினான்.

"என்ன சபனியா, சைக்கிள் பஞ்சரா?"

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"சூளையில வைக்காத பானை உடைஞ்சா அது மண்ணுதான்டா. திரும்பக் கொழைச்சுக்க வேண்டியதுதான. இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

சிரித்தார்கள். அதோடு விட்டார்களா என்றால் அதுவும் இல்லை. அன்றிலிருந்து சபனியாவுக்குப் பெயர் பச்சைப்பானை. "ஏ பச்சைப்பானை, ரோட்டுமுனைக்கு வர்றியா?" என்று கூப்பிட்டுத்தான் அவன் சைக்கிளில் ஏறினார்கள். அவனும் மிதித்துக்கொண்டு போனான். சோறு போடுகிற சைக்கிளை நிறுத்திவிட்டுச் சண்டை போட முடியுமா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். பவுலேனிக்கு ஜூலை மாதத்தில் வந்தது. எங்கள் மலையில் ஜூலைக் குளிர் என்பது ஊசி. மத்தியானம்வரை பனி விலகாது, ஆடு மாடெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். எனெலேசிக்கு அதுதான் முதல் கர்ப்பம். வயிறு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது. அந்த வயிற்றோடுதான் கிழங்கு தோண்டினாள், மூட்டை தூக்கினாள். மழைக்காலத்தில் மலேரியா இரண்டு தரம் அவளைப் போட்டுப் புரட்டியிருந்தது. ஒரு நாள் காலை, வயலில் மண்வெட்டியை ஊன்றி நின்றவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஏழு மாதம் முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சபனியாதான் அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து ரோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். அங்கிருந்து ஒரு வேனில் மாவட்ட ஆஸ்பத்திரி.

ஊர் உடனே விசாரணையில் இறங்கியது. பிள்ளை அவசரப்பட்டால் அதற்கு ஒரே காரணம்தான் எங்களுக்குத் தெரியும்: புருஷனோ பெண்டாட்டியோ எங்கேயோ தப்பு செய்திருக்க வேண்டும், அந்தத் தப்பு கத்தி மாதிரி கர்ப்பத்தை வெட்டும். எனெலேசியின் தாய்மாமன் கச்சிங்வே, கோட்டை மாட்டிக்கொண்டு நேரே சந்தைக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, ராத்திரி எங்க படுத்த?"

"வீட்லதான் மாமா."

"எல்லா ராத்திரியும்?"

"நீங்க வேணா வந்து நடுவுல படுத்துப் பாருங்க மாமா."

கூட்டம் சிரித்தது. கச்சிங்வே சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் இன்னொரு விசாரணை நடந்தது. எனெலேசி உப்புப் போடக்கூடாத நாளில் குழம்பில் உப்புப் போட்டாளா, இல்லையா? மலேரியாவைப் பற்றியோ கிழங்கு மூட்டையைப் பற்றியோ ஒரு ஜீவன் வாயைத் திறக்கவில்லை. உப்பைச் சொல்வது எளிது. மூட்டையைச் சொன்னால் அடுத்த மூட்டையை யார் தூக்குவது என்று கேள்வி வரும்.

ஆஸ்பத்திரியில் எனெலேசிக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருந்தது. முதலில் பையன், பிறகு பெண். பவுலேனி போய்ச் சேர்ந்தபோது பையனை அவள் நெஞ்சில், தோலோடு தோலாக வைத்துத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். கம்பளிக் குல்லாய் மட்டும் வெளியே தெரிந்தது. அந்த வார்டு முழுக்க அப்படித்தான் பெண்கள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள், பிள்ளையை முதுகில் கட்டுகிற ஊரில் முன்பக்கம் கட்டிக்கொண்டு. பெண் குழந்தை விளக்கு எரிகிற சூட்டுப்பெட்டியில் கிடந்தது. விரல்கள் தீக்குச்சியை விட மெல்லியவை. தோலுக்கு உள்ளே ஓடுகிறதெல்லாம் தெரிந்தது.

பவுலேனி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். நர்ஸ் முந்தாலி பக்கத்தில் நின்றாள். வார்டுப் பெண்கள் எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது. பார்வையாளர்கள் இருந்தால் அவன் வாய் சும்மா இருக்காது.

"இந்த சைஸ் கிழங்க நான் வறுக்கிறதில்ல சிஸ்டர். ஆட்டுக்குப் போட்டுருவேன்."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எனெலேசி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தால் காதும் மூடியிருக்கும் என்று எந்த முட்டாள் சொன்னான்?

"சட்டையக் கழட்டு" என்றாள் முந்தாலி.

"எதுக்கு?"

"இவ உடம்புல கொழுப்பு சேரல. சூடு நிக்காது. கரண்ட்டை நம்பி இந்தப் பெட்டில விட முடியாது, அது நெனச்சா வரும், நெனச்சா போயிரும். அம்மாவுக்கு ரத்தம் நெறயப் போயிருக்கு, ரெண்டு பேரத் தாங்கமாட்டா. இவள நீ நெஞ்சுல கட்டிக்க."

"நானா?"

"உனக்கு நெஞ்சு இருக்கில்ல?"

வார்டு முழுக்கக் காது தீட்டிக்கொண்டது. பவுலேனி வார்டை ஒரு சுற்றுப் பார்த்தான். பிறகு அது வந்தது, அவன் வாழ்க்கையிலேயே நன்றாக விழுந்த வாக்கியம்.

"சிஸ்டர், எங்க ஊர்ல மாப்பிள்ளைன்னா சேவல். சேவல் அடைகாத்து நீங்க எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?"

சிரிப்பு வெடித்தது. ஒருத்தி குலுங்கிய குலுங்கலில் தன் பிள்ளை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முந்தாலி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வடக்கே, பிள்ளை தகப்பன் வழியில் சேருகிற ஊரிலிருந்து வந்தவள்.

"எங்க பக்கத்துல மாடு குடுத்துப் பொண்ணு எடுப்பாங்க. புள்ள அப்பனோடது. அதனால தூக்குவான்."

"அதான் சிஸ்டர், நான் மாடே குடுக்கலயே."

மறுபடியும் சிரிப்பு.

"சரி, உங்க ஊர்ல புள்ள யாருது?"

பவுலேனி வாசலைக் காட்டினான். கச்சிங்வே அங்கே கோட்டுப் பையில் கைவிட்டு நின்றுகொண்டிருந்தார், உள்ளே கால் வைக்காமல். "தொப்புள் கொடி விழட்டும்மா" என்றார் அவர். "வெளிய எடுக்கட்டும். அப்புறம் அதுங்க எங்க வம்சம். அதுவரைக்கும் அது சேவலோட சங்கதி."

"ஆக, பொழைச்சா உங்களோடது. செத்தா யாரோடதும் இல்ல."

"நீங்க வடக்கத்திக்காரங்க. உங்களுக்கு இது விளங்காது."

எனெலேசியின் தாய் டோரிகா சுவரோரம் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். முந்தாலி தலையை ஆட்டிவிட்டாள். டோரிகாவுக்கு மாதக்கணக்காக இருமல். அந்த இருமலை ஒரு குறைமாதப் பிள்ளை மேல் விட முடியாது.

உண்மையைச் சொன்னால் அங்கேதான் பவுலேனிக்குச் சிக்கல். மாமியாரும் மருமகனும் எங்கள் ஊரில் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள். பாதையில் எதிரே வந்தால் இவன் புதருக்குள் இறங்கி நிற்க வேண்டும். அவள் முன்னால் சட்டையைக் கழற்றி உட்காருவதைவிட எண்ணெய்க்குள் கையை விடலாம். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்றும் இருந்தது. அவ்வளவு சின்னது தன் மேல் கிடக்கும்போதே செத்துப்போனால்? அவனுக்குப் பயம். பயம் என்று சொல்லியிருந்தால் முந்தாலி ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பாள். ஆனால் பவுலேனிக்கு அந்த வார்த்தை வராது, கேலிதான் வரும்.

"நாளைக்கு வர்றேன் சிஸ்டர். மேலெல்லாம் எண்ணெய் நாத்தம். குளிச்சிட்டு வர்றேன்."

"காலையில வரணும்."

"காலையிலயே."

மறுநாள் காலை அவன் குளித்தான். குளித்துவிட்டுச் சந்தைக்குப் போனான். போகிற வழியில் கொஞ்சம் வறுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்ததாகப் பிற்பாடு சொன்னான். பொய். சேவல் கதையைச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் போனான். அவ்வளவு நல்ல சரக்கைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வியாபாரி சும்மா இருப்பான்?

கதை பிய்த்துக்கொண்டு போனது. கேட்டவன் கேட்காதவனை இழுத்து வந்தான். இன்னொரு தரம் சொல்லு என்றார்கள். இவன் நர்ஸ் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றான். கச்சிங்வே மாதிரி தொண்டையைச் செருமினான். கடைசியில் கரண்டியோடு தரையில் குந்தி, முழங்கையை இறக்கை மாதிரி விரித்து, முட்டை மேல் உட்கார முடியாத சேவலைப் போல இப்படியும் அப்படியும் நெளிந்தான். மத்தியானம் ஆகிவிட்டது. கூட்டத்துக்குப் பின்னால் சபனியா சைக்கிளோடு வந்து நின்றதை அவன் பார்த்தான், பார்த்தும் நிறுத்தவில்லை.

"முடிச்சிட்டியா?" என்றான் சபனியா.

"இரு, இனிமேத்தான் கடைசி."

கடைசியும் வந்தது. எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள். சபனியா காத்திருந்தான்.

"எனெலேசி கூப்பிடுறா. ஏறு."

அப்போதுதான் பவுலேனி அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தான். கரண்டியைப் போட்டுவிட்டு அப்படியே பின்சீட்டில் ஏறினான். "பவுலேனி, கிழங்கு தீயுது" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள். அவன் திரும்பவில்லை.

விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் கரண்ட் போயிருக்கிறது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. முந்தாலி பெண் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து, பையன் பக்கத்திலேயே எனெலேசியின் நெஞ்சில் வைத்து, கிடைத்த போர்வையெல்லாம் போர்த்தியிருக்கிறாள். ஆனால் எனெலேசியே ரத்தம் போன உடம்போடு நடுங்கிக்கொண்டிருந்தாள். நடுங்குகிற உடம்பு எத்தனை பேருக்குச் சூடு கொடுக்கும்? வார்டில் வேறு நெஞ்சு காலியாக இல்லை, முந்தாலியையும் பிரசவ அறைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். சேவல் வருகிறதா என்று வாசலைப் பார்த்துப் பார்த்து, பொழுது ஏறிய பிறகு பெண் குழந்தை அடங்கிப்போனது.

இதெல்லாம் சபனியா வழியில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சந்தை ஓரத்தைத் தாண்டும் முன்பே எதிரே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், நடுவில் டோரிகா. அவள் கையில் பூப்போட்ட துணியில் ஒரு சின்ன மூட்டை இருந்தது. பவுலேனி சைக்கிளிலிருந்து குதித்தான். புதருக்குள் இறங்க வேண்டியவன் பாதை நடுவில் நின்றான்.

"பாக்கணும்."

டோரிகா நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத அவன் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். இருமி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"எதப் பாக்கணும் மாப்பிள்ளை? சூளையில வைக்காத பானை. உடைஞ்சா மண்ணுதான். இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? போங்க, போயிக் கிழங்கு வறுங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. பெண்கள் அவனைச் சுற்றிக்கொண்டு கடந்து, ஓடைப் பாதையில் இறங்கினார்கள். அவனும் பின்னால் ஓர் அடி வைத்தான். "ஆம்பளைங்க வரக்கூடாது" என்றாள் ஒருத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல். போன வருஷம் சபனியா நின்ற இடம் அது. அங்கேயே அவன் நின்றான். அவன் தோளும் குலுங்கியது.

சபனியா அப்போது என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சைக்கிள் பஞ்சரா என்று கேட்டிருக்கலாம், கேட்க அவனுக்கு உரிமை இருந்தது. நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அந்த மனுஷன் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

"அங்க இன்னொண்ணு இருக்கு" என்றான் கடைசியில். "ஏறு."

வார்டில் பையனை முந்தாலி தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நின்றபடியே வேறு பிள்ளைகளுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். எனெலேசிக்குக் காய்ச்சல் கொதித்தது. காலடிச் சத்தம் கேட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சேவல் வந்துருச்சா?" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

பவுலேனி சட்டையைக் கழற்றினான். முந்தாலி அவனை முகர்ந்து பார்த்து, சோப்பைக் கையில் கொடுத்துக் குழாய்க்கு விரட்டினாள். அந்தக் குளிர்த் தண்ணீரில் எண்ணெய் நாற்றம் போகும்வரை தேய்க்கச் சொல்லி, திரும்பத் திரும்ப அனுப்பினாள். பிறகு துடைத்து, சூடு வரும்வரை உட்கார வைத்து, பையனை அவன் நெஞ்சில் தவளை மாதிரி ஒட்டவைத்துத் துணியை இறுக்கிக் கட்டினாள்.

"மூச்சு நின்னா உள்ளங்கால்ல சுண்டு."

"மூச்சு நிக்குமா?"

"நிக்கும். மறந்துருவாங்க. இன்னும் பழகல."

அன்றிலிருந்து பையன் எடை ஏறும்வரை, வாரக்கணக்காக, பவுலேனி அந்தப் பெண்கள் வார்டில் சாய்ந்து உட்கார்ந்தான். எனெலேசிக்கு உடம்பு தேறிய பிறகு ஆள் மாற்றி ஆள் சுமந்தார்கள். முதலில் மூக்கில் விட்ட குழாய் வழியே பால், அப்புறம் கிண்ணத்தில் சொட்டுச் சொட்டாக. பையன் மூச்சை மறக்கும்போதெல்லாம் இவனும் மூச்சை நிறுத்திக்கொண்டு உள்ளங்காலில் சுண்டுவான். பையன் முனகிக்கொண்டு திரும்ப ஆரம்பிப்பான். அதைப் போல ஒரு பயத்தை அவன் வேறெங்கேயும் அனுபவித்ததில்லை.

வார்டுப் பெண்கள் சும்மா விடுவார்களா? "ஏ சேவல், எங்க கொக்கரி பாப்போம்." "பால் வருதா, எங்களுக்கும் கொஞ்சம் குடேன்." "உன் தகரத்துல இப்ப யாரு வறுக்கிறா, உங்க மாமாவா?" அவனுக்கு ஒவ்வொன்றுக்கும் பதில் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் சொன்னால் அவர்கள் சிரிப்பார்கள், அவர்கள் சிரித்தால் இவனும் சிரிப்பான், இவன் சிரித்தால் நெஞ்சு குலுங்கிப் பையன் விழித்துக்கொள்வான். விழித்தால் அழுவான், அழுதால் எடை குறையும் என்று முந்தாலி சொல்லியிருந்தாள். பவுலேனி வாயை மூடிக்கொண்டான். ஊர்த்தலைவரும் பாதிரியாரும் செய்ய முடியாததை ஒரு தவளைக்குட்டி செய்தது.

ஒரு நாள் துணி அவிழ்ந்துவிட்டது. எனெலேசி தூக்கத்தில் இருந்தாள், நர்ஸ் யாரும் பக்கத்தில் இல்லை. டோரிகா மட்டும் சோளக் கஞ்சி கொண்டுவந்து வாசலோரம் வைத்துக்கொண்டிருந்தாள். பவுலேனி வெற்றுடம்போடு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். டோரிகா வாயைத் துணியால் மூடிக்கொண்டு பின்னால் வந்து, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டே, துணியின் இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டாள். போட்டுவிட்டுப் போய்விட்டாள். பார்க்காமல் போட்ட முடிச்சு தளர்ந்துதான் இருந்தது. இவன் அதன் மேல் இன்னொன்று போட்டுக்கொண்டான்.

கச்சிங்வே ஒரே ஒரு தரம் வந்தார். வாசலில் நின்று பார்த்தார். "கண்றாவி" என்றார். போய்விட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போதும் இன்னும் கொஞ்ச காலம் நெஞ்சிலேயே சுமக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள். வேன் இறக்கிவிட்ட இடத்திலிருந்து வீட்டுக்குப் போகச் சந்தையைக் கடக்க வேண்டும். பவுலேனி கோட்டுக்குள் பையனைக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தான், எனெலேசி பின்னால் வந்தாள். சந்தை அவனுக்காகவே காத்திருந்தது. அவன் கையால் உரிபட்டவர்கள் எத்தனை பேர்! "முட்டை எப்பப் பொரியும்?" "ஏ அடைகோழி, தவிடு போடட்டுமா?" பாதிரியார்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். பவுலேனி பையன் தலையைக் கோட்டால் மூடிக்கொண்டு கடந்தான்.

மறுநாள் காலை அவன் சபனியா வீட்டு வாசலில் போய் நின்றான், கோட்டுக்குள் பையனோடு. சபனியா சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"உன் புள்ள" என்றான் பவுலேனி, "ஆணா, பொண்ணா?"

சபனியா நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் இதை யாரும் கேட்டதே இல்லை.

"பையன்."

"ம்."

அவ்வளவுதான் பேசினார்கள். சபனியாவின் பெண்டாட்டி உள்ளேயிருந்து ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள்.

குளிர் போய் வெயில் வந்தபோது பையன் கன்னம் உப்பிப்போனான். அவனை வெளியே எடுக்க நாள் குறித்தார்கள். கச்சிங்வே அதே கோட்டில் வந்தார். கோழி அடித்தார்கள், இனிப்புச் சோளக்கூழ் பெரிய பானையில் வந்தது. ஊர் முற்றத்தில் கூடியது. இத்தனை வாரம் வாசலைத் தாண்டாத கச்சிங்வே பிள்ளையை இரண்டு கையாலும் உயர்த்திக் காட்டினார்.

"இது எங்க வம்சத்துப் புள்ள. இவன் பேரு லிம்பிகானி."

லிம்பிகானி என்றால் விடாமல் முயற்சி செய் என்று அர்த்தம். ஒரு விரலை அசைக்காதவர் வைத்த பெயர்! பெண்கள் குலவையிட்டார்கள். கூழ்க் கிண்ணங்கள் கைமாற ஆரம்பித்தன. அப்போது மாப்பிள்ளைகள் உட்காருகிற ஓரத்திலிருந்து பவுலேனி எழுந்தான். இத்தனை நாள் பூட்டியிருந்த வாய் திறந்துகொண்டது.

"மாமா, பொறந்தது ரெண்டு."

கச்சிங்வேக்குப் புரியவில்லை. அல்லது புரியாததுபோல் இருந்தார்.

"ஒண்ணுக்குப் பேர் வெச்சிட்டீங்க. இன்னொண்ணுக்கும் வையுங்க. பொழைச்சதுதான் உங்க வம்சம், போனது சேவலோட சங்கதின்னா அதயும் இங்கயே சொல்லிருங்க, ஊரு கேக்கட்டும்."

"உக்காரு மாப்பிள்ளை. தண்ணிக்கு யாரும் பேர் வெக்கிறதில்ல."

"எனக்கு அது தண்ணி இல்ல மாமா. என் பொண்ணு. நான் கட்டிக்க மாட்டேன்னு சொன்ன பொண்ணு."

கச்சிங்வே கோட்டு மேலிருந்து எதையோ தட்டிவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். இப்படி ஒரு மாப்பிள்ளை பேசினால் என்ன செய்வது என்று வழக்கத்தில் எதுவும் சொல்லப்படவில்லை. அப்போது எனெலேசி கூழ் ஊற்றுகிற அகப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அவளுக்குப் பேர் இருக்கு" என்றாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். டோரிகா மட்டும் தரையைப் பார்த்தாள்.

"ஓடைக்கரையில எங்கம்மா வெச்சாங்க. அங்க வந்திருந்த பொம்பளைங்களுக்கெல்லாம் தெரியும்."

"என்ன பேரு?" என்றான் பவுலேனி.

எனெலேசி அவனை நிதானமாகப் பார்த்தாள். கோபம் இருந்ததா என்றால், அந்த முகத்தில் அதுகூட இல்லை.

"அது பொம்பளைங்க காரியம். ஆம்பளைங்களுக்கு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு அகப்பையை எடுத்து அடுத்த கிண்ணத்தில் ஊற்றினாள்.

இப்போது லிம்பிகானி பள்ளிக்கூடம் போகிறான், மரம் ஏறுகிறான், கச்சிங்வேயைக் கண்டால் ஓடுகிறான். எனெலேசி பவுலேனியோடு நன்றாகத்தான் இருக்கிறாள். சந்தை நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு நறுக்கிக் கொடுக்கிறாள். பவுலேனிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது, வியாபாரத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் சேவல் கதையைச் சொல்லச் சொன்னால் சொல்லமாட்டான். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனைக் கண்டால் சட்டை விஷயத்தைக் கேட்காமல் விடவும் மாட்டான். திட்டிக்கொண்டே போனவர்களும் உண்டு, போய்ச் சட்டையைக் கழற்றியவர்களும் உண்டு. சபனியாவைப் பச்சைப்பானை என்று எவனாவது கூப்பிட்டால் அவனுக்கும் வறுவல் கிடையாது.

ஜூலைக் குளிர் இறங்கி, ஓடைப் பக்கமிருந்து பனி மேலே ஏறுகிற நாட்களில், கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து அவன் எனெலேசி பக்கம் குனிவான். ஊரில் பாதிப் பெண்களுக்குத் தெரிந்த பெயர். ஒருத்தியும் அவனிடம் சொன்னதில்லை.

"இப்பவாச்சும் சொல்லேன். என்ன பேரு வெச்சீங்க?"

எனெலேசி கத்தியை நிறுத்தமாட்டாள்.

"கிழங்கு தீயுது" என்பாள். "அதப் பாரு."